நான் இறைக்க விடாத கிணறு

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு சைக்கிள் வந்து என் வீட்டுப் படலையில் சாய்ந்தது. நாவற்குடாவில் என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போது குறைவு. வந்தவர் ஓர் இளம் ஹெட்மாஸ்டர். கிரான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

வாழைப்பழத்தோடு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்துக்கொண்டு போகிறார்கள் அல்லவா? அவருடைய ஊரில் பாதி வீடுகள் கதவைத் திறக்கவே இல்லையாம். அந்த மருந்து நுளம்புக்கு அல்லவாம், நம் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்வதற்காம். மருந்து அடித்த ஒரு வீட்டில் பூனை செத்துவிட்டது. ஆகவே சந்தேகம் இல்லை. மருந்து அடிக்க வந்தவன் 'பூனை எங்களால் சாகவில்லை' என்று சொன்னான். ஆகவே இன்னும் நிச்சயம்.

"நீங்கள் அந்தக் காலத்தில் ஒரு வகுப்பு நடத்தினீர்களாமே ஐயா... ஊர்க்கதையைப் பிரித்து, எங்கே நியாயம் பிழையாகிறது என்று காட்டுகிற வகுப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து அதை நடத்தித் தரவேண்டும்."

"மாட்டேன்."

"வண்டி அனுப்புகிறேன் ஐயா. களைப்பு இல்லாமல் வரலாம்."

"களைப்பு இல்லை. வரமாட்டேன்."

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. பழத்தை மேசையில் வைத்தார். நல்ல பிள்ளை. கோபப்படத் தெரியவில்லை. "காரணம் கேட்கலாமா ஐயா?" என்றார்.

நான் காலநிலையைப் பற்றி ஏதோ பேசி அவரை அனுப்பிவிட்டேன்.

வாராவாரம் இந்த மூலையில் நான் பஸ் கொண்டக்டரையும் என் பொய்ப்பல்லையும் பற்றி எழுதுகிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். கிழவன் தீங்கில்லாதவன் என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அந்த ஹெட்மாஸ்டரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இந்த வாரம் இங்கே சொல்கிறேன். சிரிக்க இதில் அதிகம் இல்லை.

அது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். நான் மேல் வகுப்புக்கு இங்கிலீஷும் தர்க்கமும் படிப்பித்தேன். தர்க்கப் புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் எல்லாம் இங்கிலாந்தில் பிறந்தவை. பையன்கள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "ஊரில் என்ன கதை?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

கதைக்கா பஞ்சம்? கல்லடிப் பாலம் கட்டிய காலத்துக் கதை அப்போதும் உயிரோடு இருந்தது.

"தூணுக்கு ஒரு பிள்ளையைப் பலி குடுத்ததாம் சேர்."

"எந்த ஊர்ப் பிள்ளை?"

"தெரியா சேர்."

"பிள்ளையைக் காணவில்லை என்று எந்தத் தாயாவது அழுதாளா?"

"அதை மறைச்சுப்போட்டாங்க சேர்."

"மறைத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாதே சேர்... அதுதான்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். நான் கரும்பலகையில் எழுதுவேன்: 'ஆதாரம் இல்லாததே ஆதாரம்.' அடுத்த வெள்ளி வேறொரு கதை, வேறொரு பிழை. பின்னால் வந்ததற்கு முன்னால் போனதே காரணம் என்பது. லாபம் யாருக்கோ அவனே செய்தான் என்பது. ஒப்புக்கொண்டால் குற்றவாளி, மறுத்தால் கைதேர்ந்த குற்றவாளி என்பது. பையன்கள் இவற்றைக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயரைப் போலப் பாடம் பண்ணிக்கொண்டார்கள். வீட்டில் தகப்பன்மாரை மடக்கினார்கள். தகப்பன்மார் வந்து என்னிடம் முறையிட்டார்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் வெட்கம்.

அந்த வகுப்பு நல்ல வகுப்புத்தான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. நடத்திய ஆள்தான்...

சாமித்தம்பி என்று ஒரு மாணவன். மண்டூர்ப் பக்கம், வாவிக்கரையோரமாக ஒரு சின்ன ஊரிலிருந்து வந்து, டவுனில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பேசும்போது அவனுடைய வாய் லேசாகத் திறந்திருக்கும். அப்படிக் கேட்கிற மாணவன் ஒருவன் கிடைத்தால் வாத்தியார்மார் கெட்டுப்போவார்கள். நான் கெட்டுப்போனேன்.

அந்த வருஷம் மார்கழி வெள்ளம் பெரியது. வாவி மேவி ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, "ஊரில் என்ன கதை?" என்று கேட்டேன். சாமித்தம்பி எழும்பினான்.

"எங்கட ஊரில காய்ச்சல் சேர். ரெண்டு பேர் செத்தும் போச்சு. லெப்பை கிணத்துக்குள்ள மருந்து போட்டுட்டார் எண்டு சனம் கதைக்குது."

லெப்பை என்றால் யார் என்று கேட்டேன். அசனாலெப்பை. காத்தான்குடி முஸ்லிம் ஆள். தோணியில் துணி மூட்டையோடு அக்கரைக்குப் போய் ஊர் ஊராக விற்கிறவர். அந்த ஊர்த் துறையடியில் ஒரு கடை போட நிலம் கேட்டார், ஊர் கொடுக்கவில்லை. பிறகு அவருடைய மகள் ஒருத்தி இறந்துபோனாள். அவள் பெயரில் துறையடியிலேயே ஒரு கிணறு வெட்டி, சீமெந்துக் கட்டுக் கட்டிக் கொடுத்தார். அதை ஊர் வாங்கிக்கொண்டது. கடைக்கு இடம் கிடையாது, தருமத்துக்கு இடம் உண்டு. நம் ஊர்களின் நியாயம் உங்களுக்குத் தெரியாததா?

அதற்கு முன் அந்த ஊரில் கிணறு என்று ஒன்று இல்லை. மணலில் ஆழமில்லாத குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். பூவல் என்போம். வெள்ளம் ஏறினால் அந்தப் பூவலைத் தூர்த்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகத் தோண்டுவார்கள். சீமெந்துக் கிணற்றை அப்படிச் செய்ய முடியுமா? வெள்ளம் அதன் கட்டுக்கு மேலால் போயிருக்கிறது. வடிந்த பிறகும் கிணறு அழகாக அப்படியே நின்றது.

"யார் இந்தக் கதையைத் தொடங்கியது?" என்று கேட்டேன்.

சாமித்தம்பி தயங்கினான். "எங்கட அம்மா சேர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அம்மா என்ன ஆதாரம் சொல்லுகிறா?"

"லெப்பைக் கிணத்தில அள்ளுற வீடுகளுக்குத்தான் காய்ச்சல் சேர். மேட்டுப் பூவலில அள்ளுற வீடுகளுக்கு இல்ல. அதனால லெப்பை நிலம் குடுக்காத கோவத்தில மருந்து போட்டுட்டார் எண்டு..."

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவன் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு தாய் தன் கண்ணால் கண்டது. மற்றது, அதிலிருந்து அவள் பாய்ந்த பாய்ச்சல். நான் பாய்ச்சலைப் பிடித்துக்கொண்டேன். கண்டதை விட்டுவிட்டேன். எவ்வளவு சுவையான பாய்ச்சல், பாருங்கள். ஒரே வசனத்தில் என் கரும்பலகை முழுவதும் அடங்கியிருந்தது.

"கிணறு வந்த பிறகு காய்ச்சல் வந்தது. சரி. சாமித்தம்பிக்குக் கணக்கில் நாற்பது மார்க் வந்த பிறகும் காய்ச்சல் வந்தது. அப்படியென்றால் ஊரைக் கெடுத்தது யார்?"

"சாமித்தம்பி, சேர்" என்று வகுப்பே சொன்னது.

அவனுடைய காது சிவந்தது. ஆனால் அவனும் சிரித்தான். பாடம் முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா படிக்காதவ சேர்" என்றான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி. தாய்க்காக ஒரு பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

கதை வகுப்போடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கிழமை அசனாலெப்பையே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாமரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்த மனிதர். தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், அந்த ஊர்ப் பொடியன் உங்கட கிளாசில படிக்கிறானாம். நீங்க சொன்னாச் சனம் கேக்கும் எண்டு சொன்னாங்க."

"கேட்டிருக்கிறேன் காக்கா. வெறும் பேய்க்கதை" என்றேன். காக்கா என்றால் அண்ணன்; முஸ்லிம்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பேய்க்கதைதான். ஆனா ஒரு விஷயம் சேர். வெள்ளம் ஏறின கிணறு. இறைக்கத்தானே வேணும்? நான் நாலு ஆளோட போய் இறைச்சு, சேறு வாரி, சுண்ணாம்பு போட்டுட்டு வரலாம் எண்டு பாக்கிறன். ஊர் ஆக்கள் ஒருத்தரும் அதில கை வைக்க மாட்டன் எண்டுட்டாங்க. கை வைச்சாத் தங்களையும் சேத்துச் சொல்லிப்போடுவாங்க எண்டு பயம்."

வெள்ளம் வடிந்தால் கிணறு இறைப்பது. மட்டக்களப்பில் இதற்குப் படிப்பு வேண்டாம். என் வீட்டுக் கிணற்றை நான் அந்த மாதமே இறைப்பித்திருந்தேன். ஆனால் அன்று என் மூளை வேறு உயரத்தில் பறந்துகொண்டிருந்தது.

"செய்யாதீர்கள்" என்றேன்.

"ஏன் சேர்?"

"இப்போது நீங்கள் போய் இறைத்தால் சனம் என்ன சொல்லும்? போட்டவனே வந்து அள்ளிக்கொண்டு போனான் என்று சொல்லும். அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். கிணறு இருந்தபடியே இருக்கட்டும். நான் என் மாணவர்களோடு வருகிறேன். ஊருக்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டுகிறோம். அதோடு கதை செத்துவிடும்."

அவர் தொப்பியைப் பார்த்தார்.

"இறைச்சுப்போட்டு மறுகா குடிச்சா என்ன சேர்?"

"இறைத்த கிணற்றில் குடித்தால் எதை நிரூபிக்கிறது?"

அந்தப் பதில் அப்போது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? வீட்டுக்கு நடந்துபோகும்போது அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க படிச்ச ஆக்கள் சேர். நீங்க சொல்லுற மாதிரிச் செய்வம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இப்போது கேளுங்கள். சனத்தின் நியாயம்: காய்ச்சல் வந்தது, ஆகவே லெப்பை நஞ்சு போட்டான். பிழை. என்னுடைய நியாயம்: லெப்பை நஞ்சு போடவில்லை, ஆகவே தண்ணீர் நல்லது. இது சரியா? ஒரு முட்டாள் மழை வரும் என்று பிழையான காரணம் சொன்னால், வானம் அதற்காக வெளுத்துவிடுமா? என் கரும்பலகையில் எத்தனையோ பிழைகள் இருந்தன. இந்த ஒன்று இல்லை. அடுத்தவனின் பிழையைப் பிடித்த சந்தோஷத்தில் நாம் செய்கிற பிழை இது. படித்தவர்களுக்கு மட்டும் வருகிற நோய்.

ஒரு சனிக்கிழமை காலை துறையில் தோணி ஏறினோம். பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. அக்கரையில் ஊரே கூடியிருந்தது. ஊர் அதிகாரியான விதானையார் வெள்ளைக் கோட்டோடு நின்றார். அசனாலெப்பை கொஞ்சம் தள்ளி, தன் தோணிக்குப் பக்கத்தில் நின்றார்.

நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். நன்றாகத்தான் பேசினேன். பிறகு வாளியை இறக்கச் சொன்னேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.

"முதல்ல லெப்பை குடிக்கட்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"அவன் முறிவு மருந்து திண்டுட்டு வந்திருப்பான்கா" என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது.

லெப்பை வந்து குடித்தார். பிறகு பையன்கள் ஒவ்வொருவராக. நானும் குடித்தேன். ஒரு வாய். மீதியைக் கையைக் கழுவுகிற மாதிரி ஊற்றிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? அன்று யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் செய்தது. அந்தக் கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை போலும்.

சாமித்தம்பியின் முறை வந்தது. அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வள்ளிப்பிள்ளை. அவனுடைய தாய். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மனே, நீ குடியாத."

"அம்மா, சும்மா இரிங்க."

"மத்தப் புள்ளையள் குடிச்சாக் குடிக்கட்டும். நீ வேணா. எனக்கு மனசு சரியில்ல. வாத்தியார், அவனை விட்டுருங்க. அவன் டவுன் தண்ணி குடிக்கிறவன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்திருக்கலாம்? 'தாய் சொல்லைக் கேள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்தபடி நின்றேன். அவன் என் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். அது அனுமதிதான்.

"அம்மா, மனசு சரியில்ல எண்டுறது ஒரு ஆதாரமா?" என்று கேட்டான்.

என் குரல். என் வசனம். என் தலை ஆட்டல் கூட. பையன்கள் கை தட்டினார்கள். கூட்டத்தில் சிலரும் சிரித்தார்கள். "வள்ளி, உன்ட மகன் அப்புக்காத்து ஆகிட்டான் போ" என்று யாரோ அவனை வக்கீலாக்கினார்கள். வள்ளிப்பிள்ளைக்கு அந்தக் கேலிக்குள்ளும் கொஞ்சம் பெருமை வந்தது. அதை அவள் முகத்தில் கண்டேன். மகன் ஊர் நடுவில் நின்று பேசுகிறான் அல்லவா?

அவன் வாளியைத் தூக்கி வாயில் வைத்தான். எல்லாரையும் விட அதிகம் குடித்தான். சட்டை நனைந்தது.

நான் அன்றைக்கு வெற்றியோடு தோணி ஏறினேன்.

இரண்டு மூன்று கிழமைக்குள் வகுப்பில் சில பையன்களுக்குக் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். சாமித்தம்பிக்கு இறங்கவில்லை. நெருப்புக் காய்ச்சல், இங்கிலீஷில் டைபாய்ட், என்றார் டிஸ்பென்சரி அப்போதிக்கரி. மாமன் வீட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தபோது பாயில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"சேர், இது அந்தத் தண்ணியால எண்டு அம்மா சொல்லுறா. பின்னால வந்ததுக்கு முன்னால போனது காரணம் இல்லைத்தானே சேர்?"

நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டுமா?

"இல்லை" என்றேன். "நீ படு."

அவன் சமாதானமாகக் கண்ணை மூடினான். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

அப்போதிக்கரி எனக்குத் தனியாகச் சொன்னார்: "வெள்ளத்தில் ஊர் அழுக்கெல்லாம் அந்தக் கிணற்றுக்குள் போயிருக்கிறது மாஸ்டர். ஒருவரும் இறைக்கவில்லையா?"

செத்தவீட்டில், முற்றத்தில், விதானையார் என்னைக் கூப்பிட்டார். சுற்றிவர ஆண்கள் நின்றார்கள். குரல்கள் தடித்திருந்தன.

"வாத்தியார், நீங்கதான் புள்ளைகளைக் கூட்டிவந்த. சனம் லெப்பையை விடமாட்டன் எண்டு நிக்கிது. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. அவரில பிழை இருக்கா?"

நான் பேசினேன். இது நஞ்சு அல்ல, நெருப்புக் காய்ச்சல் என்றேன். லெப்பை குற்றவாளி என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றேன். அவரும் அதே தண்ணீரைக் குடித்தவர்தானே என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் போடத்தக்க வசனம்.

ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. 'அந்த மனிதர் கிணற்றை இறைக்கக் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.'

நஞ்சு போட்டவன் எவனாவது நாலு ஆளைக் கூட்டிவந்து கிணற்றை இறைக்கட்டுமா என்று கேட்பானா? அந்த ஒரு வசனம் போதும், லெப்பை தப்பியிருப்பார். ஆனால் அதைச் சொன்ன மறுகணம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருக்கும். உள்ளே வள்ளிப்பிள்ளை ஒப்பாரி வைத்து அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் அதைக் கேட்டிருப்பாள். எனக்குப் பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவுதான். இதற்கு அழகான சொல் ஒன்றும் இல்லை.

"வாத்தியாருக்கு லெப்பையில இரக்கம்" என்று ஒருவர் சொன்னார். அதோடு என் பேச்சின் மதிப்பு முடிந்தது.

அன்று மாலையே லெப்பையின் துணி மூட்டைகள் வாவியில் மிதந்தன. தோணியின் அடிப்பலகையை உடைத்துவிட்டார்கள். கிணற்றுக்குள் முள்ளும் மண்ணும் போட்டு மூடினார்கள். லெப்பையுடைய மகளின் பெயர் பொறித்த கல் ஒன்று கிணற்றுக் கட்டில் பதிக்கப்பட்டிருந்தது. அதையும் பெயர்த்து உள்ளே போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லெப்பை இன்னொரு முறை என்னிடம் வந்தார். அதே மாமரத்தடி. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"சேர், நான் இறைக்கக் கேட்டதை நீங்க அவடத்த சொல்லல்லையா?"

"சனம் கொதித்துக்கொண்டு நின்றது காக்கா. சொல்கிற நேரம் இல்லை."

"மறுகா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"சரி சேர்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். திட்டவில்லை. காத்திருந்தார். ஒன்றிரண்டு முறை டவுனில் கண்டபோது தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் கடைக்குள் புகுந்துகொண்டேன். அவர் அக்கரைக்கு அதன் பிறகு போகவில்லை. காத்தான்குடியில், மருமகனின் கடைக்குள் உட்கார்ந்திருந்தார் என்றார்கள். சில வருஷத்தில் மௌத்தானார். ஜனாஸா அடக்கத்துக்கு நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டேன். சோதனைக்குப் பாடம் முடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். சக ஆசிரியர்கள் நம்பவில்லை. "மாணவன் இறந்த துக்கம். எவ்வளவு இளகிய மனம் அவருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அதையும் மறுக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் வந்துபோன பிறகு மூன்றாம் நாள் தோணி ஏறி அக்கரைக்குப் போனேன்.

வள்ளிப்பிள்ளை இருக்கிறாள். தலை முழுக்க நரை. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பாயை உதறிப் போட்டாள். தேத்தண்ணி வந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லெப்பை இறைக்கக் கேட்டதை. நான் தடுத்ததை. செத்தவீட்டில் வாயை மூடிக்கொண்டதை. மகன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய்யை.

அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் என்னைக் கூர்ந்து பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன். அதற்காகத்தானே போனேன்?

"உங்களிட்ட ஆரு வந்த?" என்று கேட்டாள்.

"யாரும் வரவில்லை அம்மா."

"லெப்பைட ஆக்கள் வந்திருப்பாங்க. அவன் செத்தாலும் அவன்ட ஆக்கள் இரிக்காங்கதானே. இவ்வளவு காலம் சொல்லாத கதையை இப்ப என்னத்துக்குச் சொல்லுறயள்?"

"இது கதை இல்லை. நான் செய்தது. நான்தான் இறைக்க வேண்டாம் என்றேன்."

"நீங்க அப்பிடிச் செய்ய மாட்டயள் வாத்தியார்." அவள் குரல் கனிந்திருந்தது. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "என்ட புள்ள உங்களைச் சாமி மாதிரி நினைச்சவன். காய்ச்சலுக்குள்ளயும் உங்கட பேர்தான் சொன்னவன். நீங்க சொன்ன ஒரு சொல்லை அவன் தட்டினதில்ல. அப்பிடிப்பட்ட ஆள் அவனுக்குக் கெடுதல் செய்வயளா? வயசு போய்ட்டு உங்களுக்கு. ஆரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க. தேத்தண்ணி ஆறுது, குடியுங்க."

நான் மறுபடியும் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண அவளுக்குச் சந்தேகம் கூடியது. "பாவம், நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள்.

துறைவரை வந்து வழியனுப்பினாள். கவனமாகப் போகச் சொன்னாள்.

அந்த மனிதர் இறைக்கக் கேட்டார் என்பதற்கு என்னிடம் ஒரேயொரு சாட்சிதான் உண்டு. அவர் காத்தான்குடியில் மண்ணுக்குள் கிடக்கிறார். அவருக்கு அன்று தேவைப்பட்டதும் ஒரேயொரு சாட்சிதான்.